மூன்று சேதி, ஒரே வாய்

என்னைத் திருடி என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். கோள்சொல்லி என்றாள். அதுவும் ஓடுகிற பஸ்ஸில், நிற்கிறவர்கள் உட்கார்ந்திருக்கிறவர்கள் அத்தனை பேர் காதும் கேட்கும்படி.

“எங்க வீட்டு சேதி ஒண்ணொண்ணையும் எங்கய்யா காதுல ஓதுறவ நீதான்டி. இனிமே எங்கிட்டப் பேசாத. மெட்ராசுக்கு ஒங்கூட வாரதுக்கு ஆள் நானில்ல.”

சொன்னவள் சேதுலட்சுமி. பிளஸ் ஒன்னிலிருந்து எனக்கு ஒரே சிநேகிதி. இராமநாதபுரத்தில் எம்.எஸ்சி. கணிதம் முதலாம் ஆண்டு படிக்கிறோம். இரண்டு பேருக்கும் ஆர்.எஸ்.மங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரே கிராமம். போக வர ஒரே பஸ், ஒரே சீட்டு. அவளுடைய அய்யா சின்னச்சாமி எங்கள் நிலத்தில் வாரத்துக்கு, விளைச்சலில் பங்கு அளக்கிற கணக்கில், மிளகாய் போட்டிருக்கிறார். அதையும் அன்றைக்கு அவள் விட்டுவைக்கவில்லை.

“ஒங்க வீட்டுக்கு வாரம் அளக்குறோம்ல, அது பத்தாதா? எங்க வீட்டுப் பேச்சையும் அளக்கணுமா?”

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. “வாய அளந்து பேசுடி” என்றேன். அதற்குள் அவள் எழுந்து முன்பக்கம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். பஸ்ஸில் ஒரு தும்மல்கூட இல்லை. மிளகாய் மூட்டை ஏற்றிய பஸ்ஸில் தும்மல் இல்லையென்றால் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டுக்கேட்கிறார்கள் என்று அர்த்தம்.

சண்டை மட்டும் என்றால் போகட்டும் என்று விட்டிருப்பேன். மெட்ராஸ் போச்சே!

சென்னையில் ஒரு கணித நிறுவனம் கோடையில் ஒரு மாதம் பயிற்சி நடத்துகிறது. அனாலிசிஸ் மட்டும். அங்கே போய் வந்தவர்களுக்கு ஆராய்ச்சிப் படிப்பின் கதவு பாதி திறந்த மாதிரி என்று இமானுவேல் சார் சொல்லிச் சொல்லி எங்களை விண்ணப்பிக்க வைத்தார். எங்கள் துறையிலிருந்து இதுவரை ஒருத்தரும் தேர்வானதில்லை. இந்த வருஷம் இரண்டு பேர். நானும் அவளும். வருகிறோமா இல்லையா என்று திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் சார் பதில் அனுப்பியாக வேண்டும்.

என்னுடைய அய்யா உக்கிரபாண்டி, பேருக்கேற்ற ஆள். “சின்னச்சாமி மக போகுதுன்னா நீயும் போ. தனியாப் போற சோலி வேணாம்” என்று முடித்துவிட்டார். சேதுவின் அய்யாவும் அதையேதான் சொல்லியிருந்தார்: “யுவராணி போனாத்தான் நீ.” எங்கள் பக்கம் பெண் பிள்ளை வெளியூர் போவதென்றால் துணைக்கு ஆள் வேண்டும். அவளுக்கு நான் துணை, எனக்கு அவள் துணை. ஒருத்தி வரவில்லையென்றால் இரண்டு பேருக்கும் வீடுதான். எனக்கு வீடு என்றால் அடுத்தது மாப்பிள்ளை. தேவகோட்டையில் ஒருத்தர் ஏற்கெனவே என் போட்டோவை வாங்கிவைத்துக்கொண்டிருக்கிறார்.

சேதுவின் கோபம் எங்கேயிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மூன்று சேதி அவளுடைய வீட்டுக்குப் போய்விட்டது.

முதலாவது, அனாலிசிஸ் உள்தேர்வில் அவள் தோற்றது. வீட்டில் சொல்லவேண்டாம், அடுத்ததில் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தாள். மறுநாளே அவளுடைய அய்யாவுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டாவது, தேவிபட்டினத்தில் அவள் இறங்கியது. எங்களுக்கு முந்தைய செட் வசந்தகுமாருக்கு அந்த ஊர். கடற்கரையில் கோயில் வாசல் பக்கம் உட்கார்ந்து அவளுக்கு அவன் பாடம் சொல்லிக்கொடுத்தான். பாடம் மட்டும்தான், நான் அன்றைக்குக் காய்ச்சலில் படுத்திருந்தாலும் அது எனக்குத் தெரியும். அதுவும் வீட்டுக்குப் போனது. மூன்றாவது, இந்த மெட்ராஸ் விஷயம். தானே நேரம் பார்த்து அய்யாவிடம் சொல்ல நினைத்திருந்தாள். புதன்கிழமை ராத்திரி சோற்றில் கையை வைத்துக்கொண்டே அவர் கேட்டாராம்: “மெட்ராசுக்குப் போறியாமே?”

அவர் சரியென்றுதான் சொன்னார். ஆனால் சேதுவுக்கு அது பெரிதாகப் படவில்லை. யார் சொன்னது என்பதுதான் அரித்தது. மூன்றும் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான் என்று கணக்குப் போட்டுவிட்டாள். என் வீட்டிலேயே நான் வியாழக்கிழமை காலையில்தான் சொன்னேன். மெட்ராஸ் விஷயம் அவளுடைய அம்மாவுக்கும் தெரியும். ஆனால் அம்மா சொல்லவே மாட்டாள். மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறாள். எங்கள் ஊரில் அதற்கு மேல் ஒரு சத்தியம் கிடையாது.

எனக்குச் சந்தேகப் புத்தி பிறவியிலேயே உண்டு. பூட்டிய கதவை இழுத்துப் பார்க்காமல் படி இறங்கமாட்டேன். அதனால்தானோ என்னவோ அனாலிசிஸ் எனக்குப் பிடித்துப்போனது. நம்பாதவர்களுக்கென்றே செய்த பாடம் அது. கிட்டத்தில் வருகிறது என்று ஒருத்தன் சொன்னால், எவ்வளவு கிட்டத்தில் என்று கேட்க வேண்டும். இவ்வளவு என்றால், அதைவிடக் கிட்டத்தில் வருமா என்று கேட்க வேண்டும். கேட்டுக்கொண்டே இருக்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சேது அப்படியில்லை. எதையும் சட்டென்று நம்புகிறவள். அப்படிப்பட்டவளுக்குச் சந்தேகம் வந்தால் அம்மைபோல உடம்பெல்லாம் பரவிவிடுகிறது.

சண்டைக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை. அவள் முதல் வரிசையில் மதுமதி பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். உள்தேர்வில் பாதி வகுப்பு விழுந்த அதே கேள்வியை இமானுவேல் சார் மறுபடி எடுத்தார். யூனிஃபார்ம் கன்டினியூட்டி.

“ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி இருக்கு. ஒத்துக்கிறீங்களா?”

ஒத்துக்கொண்டோம்.

“அப்ப எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி இருக்கு. சரிதானா?”

“இருந்தா திருடனுக்குக் கொண்டாட்டம் சார்” என்றாள் மதுமதி. வகுப்பே சிரித்தது.

“சிரிக்கிறீங்கள்ல? பரீட்சையில அதத்தானே எழுதி வச்சிருக்கீங்க! சேதுலட்சுமி, வாங்கம்மா.”

சேது போர்டுக்குப் போனாள். எக்ஸ் ஸ்கொயர் என்ற சாதாரணச் சார்புதான். கோடு போகப் போகச் செங்குத்தாக ஏறும். எப்சிலான் என்று ஒரு சின்ன அளவை எதிராளி கொடுப்பான். விடை அதற்குமேல் விலகாமல் இருக்க, நாம் எவ்வளவு நகரலாம் என்று டெல்டாவைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு டெல்டா கிடைக்கும். ஆனால் கோடு ஏற ஏற டெல்டா சுருங்கிக்கொண்டே வரும். இங்கே போதுமானது அங்கே போதாது. எல்லா இடத்துக்கும் சேர்த்து ஒரே டெல்டா என்று எதுவும் இல்லை. சேது பரீட்சையில் அப்படி ஒன்று இருக்கிறது என்று எழுதித்தான் தோற்றாள். இப்போதும் அதேபோல டெல்டாவை எழுதி முடித்தாள்.

“இந்த டெல்டாவுக்குள்ள யாரும்மா உக்காந்திருக்கா?” என்றார் சார்.

அவள் பார்த்தாள். டெல்டாவுக்குள்ளே அந்தப் புள்ளியே குந்தியிருந்தது. புள்ளி மாறினால் டெல்டாவும் மாறும். சாக்பீஸை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

எனக்கோ பொறி தட்டியது. அடிப்பாவி, என் விஷயத்திலும் இதையேதானே செய்திருக்கிறாள்! ஒவ்வொரு சேதிக்கும் சொன்ன வாய் ஒன்று இருக்கத்தான் செய்யும். அதற்காக எல்லாச் சேதிக்கும் ஒரே வாய் என்று எப்படி ஆகும்?

வகுப்பு முடிந்ததும் வராண்டாவில் அவளை மறித்து அதைச் சொன்னேன். அவள் அசரவில்லை.

“ரெண்டு முனையும் அடைச்ச மூடின இடைவெளியா இருந்தா ஒரே டெல்டா போதும். அதுக்குத் தேற்றமே இருக்கு. நம்ம ஊரும் பஸ்ஸும் மூடின இடைவெளிதான்டி. அதுக்குள்ள ஒரே வாய் போதும்.”

இப்படி ஒரு பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. தேற்றம் சரிதான்; அதனால் எரிச்சல் இன்னும் கூடியது.

“அப்ப நான் மூணு வாயையும் கொண்டாந்து காட்டுறேன்.”

“மூணையும் காட்டு. ரெண்டக் காட்டிட்டு மூணாவதும் அப்படித்தான்னு கை கழுவக்கூடாது.”

அதுவும் நியாயம்தான். ஒரு வாயைக் காட்டினால் ‘ஒரே வாய்’ என்பது உடைந்துவிடும். ஆனால் என் பெயர் சுத்தமாக வேண்டுமென்றால் மூன்றையும் காட்ட வேண்டும்.

அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் ஒவ்வொருத்தர் வாயையும் பார்த்துக்கொண்டே வந்தேன். வெற்றிலை போடுகிற வாய், போனில் கத்துகிற வாய், தூங்குகிற மாதிரி நடிக்கிற வாய். யாரைப் பார்த்தாலும் அவர்தான் என்று தோன்றியது. வசந்தகுமாரையும் விட்டுவைக்கவில்லை, அவனே பெருமைக்குச் சொல்லியிருப்பானோ என்று நினைத்தேன். தேவிபட்டினத்தில் இருளம்மாள் மீன் கூடையோடு ஏறினாள். எங்கள் பக்கத்து ஊர்களில் மீன் விற்கிறவள். எப்போதும் எங்களுக்கு முன் சீட்டுத்தான்.

“என்ன ஆத்தா, இன்னைக்கு ஒத்தையா உக்காந்திருக்க? அங்கிட்டு ஒண்ணு, இங்கிட்டு ஒண்ணு?”

“சண்ட” என்றேன். “சேது பரீட்சையில தோத்தத அவுக வீட்டுல யாரோ சொல்லிட்டாக. நான்தான்னு நெனைக்கிறா.”

இருளம்மாள் கூடையை நகர்த்தி வைத்துவிட்டு முழுசாகத் திரும்பினாள்.

“அட, அத நாந்தான சொன்னேன்! அந்தப் புள்ள ஒந்தோள்ல சாஞ்சு பெயிலு பெயிலுன்னு அழுதுச்சு. எனக்கு மனசு கேக்கல. மறுநா மீன் குடுக்கப் போனப்ப, புள்ளய வையாதிய, ரொம்ப அழுதுச்சுன்னு அவுக அய்யாட்டச் சொன்னேன். நல்லதுக்குத்தான சொன்னேன்?”

நல்லதுக்குத்தானாம்! எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனால் ஒரு வாய் கிடைத்தது.

இரண்டாவது வாய் அதைவிடச் சுலபமாகக் கிடைத்தது. கண்டக்டர் பாக்கர் அண்ணனிடம், சேது தேவிபட்டினத்தில் இறங்கியது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

“ஏன் இல்லாம? மறுநாளு அவுக அத்தா, அதான் சின்னச்சாமி அண்ணே, என் வண்டியிலதான் சந்தைக்கு வந்தாரு. நேத்து புள்ள தேவிபட்டினத்துல எறங்குச்சே, கோயிலுக்கான்னு கேட்டேன். மனுசன் மொகம் சுண்டிப்போச்சு. எதுக்குன்னு எனக்கு இப்பவரைக்கும் வெளங்கல.” விசிலை மறுபடி வாயில் வைக்கப்போனவர் நிறுத்தினார். “அந்த வீட்டுக்கே தேவிபட்டினம்னா உசுரு போல. அவுங்கம்மா நேத்து மத்தியானம் எறங்குச்சு. நாளைக்குக் காலையிலயும் வாரேன்னு சொல்லிச்சு. ஆருகிட்டயும் சொல்லிராதீகன்னு வேற சொல்லிச்சு.”

யாரிடமும் சொல்லாதே என்று சொன்னதை எவ்வளவு அழகாக என்னிடம் சொன்னார் பாருங்கள். ஆனால் என் காது அதோடு நிற்கவில்லை. சேதுவின் அம்மா மகேஸ்வரி சித்தி எதற்காகத் தேவிபட்டினத்துக்கு மறைந்து மறைந்து போகிறாள்? சேது அந்த ஊரில் இறங்கினதற்கு வீட்டில் ஊரே கேட்க வைதவர்கள் ஆயிற்றே. நெருப்பில்லாமல் புகையாது என்று என் சந்தேகப் புத்தி சொன்னது.

சனிக்கிழமை காலையில் ஸெராக்ஸ் எடுக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு அதே பஸ்ஸில் பின்பக்கமாக ஏறினேன். சித்தி முன்பக்கம் இருந்தாள். மடியில் ஒரு துணி முடிப்பு. தேவிபட்டினத்தில் அவள் இறங்கினாள். நானும் இறங்கி, தள்ளியே நடந்தேன். வசந்தகுமார் வீட்டுப் பக்கம் திரும்புவாளோ, அவனைக் கண்டிக்கப் போகிறாளோ என்று பார்த்தேன். திரும்பவில்லை. நேரே கடலுக்குப் போனாள்.

நவபாஷாணத்தில் அன்றைக்குக் கூட்டம். கடலுக்குள்ளே நவக்கிரகங்களாகக் கும்பிடுகிற ஒன்பது கல்லும் பாதி தண்ணீரில் நின்றன. நடைபாதையில் நான் நின்றுகொண்டேன். சித்தி சேலையைத் தூக்கிச் செருகித் தண்ணீரில் இறங்கினாள். முடிப்பை அவிழ்த்து நவதானியத்தை ஒவ்வொரு கல்லிலும் வைத்தாள். வைத்துவிட்டுச் சுற்றினாள். மற்றவர்கள் சுற்றி முடித்துக் கரையேறின பிறகும் அவள் சுற்றிக்கொண்டே இருந்தாள். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

ஈரச்சேலையோடு மேலே வந்தவள் என்னைப் பார்த்துப் பதறிப்போனாள்.

“யுவராணி! நீ இங்கன எங்க தாயி?”

நான் சுற்றி வளைக்கவில்லை. “சித்தி, மெட்ராஸ் போற சேதிய சேதுவோட அய்யாகிட்ட நான்தான் சொன்னேன்னு அவ எங்கிட்டப் பேசுறதே இல்ல. வரவும் மாட்டேங்குறா. திங்கக்கெழமையோட எல்லாம் முடிஞ்சு போயிரும்.”

அவள் அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். சேலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“நாந்தான் தாயி சொன்னேன்.”

“நீங்களா? சத்தியம் பண்ணியிருந்தீகளே.”

“பண்ணேன். அவ தலையில அடிச்சுத்தான் பண்ணேன். ஆனா அவுக அய்யாவப் பத்தி எனக்குத் தெரியாதா? கடைசி நேரத்துல போயி நின்னா, ஒரே வார்த்தையில மாட்டேன்னுருவாக. மனசு குளுந்திருக்குற நேரம் பாத்துப் போட்டு வைக்கணும். அன்னைக்குச் சாயங்காலம் சிரிச்ச மொகமா இருந்தாக. சொல்லிட்டேன். ஒம்பேரையும் சேத்துச் சொன்னேன். அதனாலதான் சரின்னாக.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “சொன்ன பெறகு எனக்குச் சோறு எறங்கல. பெத்த புள்ள தலையில அடிச்சதையில்ல மீறிட்டேன். அதான் இங்கன வந்து ஒம்போது பேரு கால்லயும் விழுகுறேன்.”

பிள்ளை தலையில் அடித்த சத்தியத்தை மீறினால் அந்தத் தலைக்கு ஆகாது என்பார்கள். நானும் அதைக் கேட்டு வளர்ந்தவள்தான். எம்.எஸ்சி. படித்தாலும் அந்த வார்த்தையை என்னால் சட்டென்று ஒதுக்க முடியவில்லை.

“அவகிட்டச் சொல்லிரவா சித்தி?”

“சொல்லிரு” என்றாள் உடனே. “ஒம்பேரு கெடக்கூடாது. அவ படிப்பும் கெடக்கூடாது. சொல்லிரு தாயி.” சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தாள். “ஒண்ணே ஒண்ணுதான் பயமா இருக்கு. தெரியாத ஊரு. அங்கன போயி அவளுக்கு ஒரு தலவலி வந்தாக்கூட, எங்கம்மா சத்தியத்த மீறுனா, அதான் வந்துச்சுன்னுதான நெனப்பா? அந்த நெனப்போடவா அவ படிப்பா?”

எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. நான் ஒன்றும் செய்யாதவள். என் பெயர் பஸ்ஸிலே நாறிக்கிடக்கிறது. மூன்று வாயையும் கையில் பிடித்துவிட்டேன், நிரூபணம் முழுசாக இருக்கிறது, கடைசி வரியை எழுதினால் முடிந்தது. அந்தக் கடைசி வரியை எழுதாதே என்று இந்தக் கை என்னைப் பிடித்திருக்கிறது.

“பாத்துக்கலாம் சித்தி. நீங்க ஈரத்தோட உக்காந்திருக்காதிய” என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்குள்ளேயே சண்டை போட்டேன். சாயங்காலம் என் அம்மா ராமலெட்சுமி, தேவகோட்டைக்காரர்கள் அடுத்த வாரம் வரலாமா என்று கேட்கிறார்கள் என்றாள். “வந்தா நான் கண்மாயில குதிச்சிருவேன்னு சொல்லு” என்றேன். கண்மாயில் அப்போது முழங்கால் தண்ணீர்கூட இல்லை என்றாள் அம்மா.

திங்கட்கிழமை. இடைவேளையில் டிபார்ட்மெண்டுக்குப் பின்னால் சேதுவைக் கூப்பிட்டேன். வந்தாள், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“மொதச் சேதி, இருளம்மா. நீ அழுததப் பாத்துட்டு, வையாதியன்னு சொல்லப் போயிருக்கா. கேட்டுப் பாத்துக்க. ரெண்டாவது, பாக்கர் அண்ணே. கோயிலுக்கா வந்துச்சுன்னு ஒங்கய்யாட்டயே கேட்டிருக்காரு. அவருகிட்டயும் கேட்டுக்க.”

அவளுடைய முகம் மாறியது. கை கொஞ்சம் தளர்ந்தது. “மூணாவது?”

“மூணாவது நான்தான்.”

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு என் காதே அடைத்த மாதிரி இருந்தது.

“எப்ப சொன்ன?”

“செவ்வாக்கெழம காலையில. காலேஜுக்குக் கெளம்புறதுக்கு முன்னாடி. களத்துல ஒங்கய்யா மிளகாப் பழம் காயப்போட்டுக்கிட்டு இருந்தாரு.”

“எதுக்குச் சொன்ன?”

“கடைசி நேரத்துல தெரிஞ்சா ஒரே வார்த்தையில மாட்டேன்னுருவாரு. மனசு குளுந்திருக்குற நேரமாப் போட்டு வச்சா சரின்னுவாருன்னு சொன்னேன். சரின்னாருல்ல?” குரலை உயர்த்தினேன். பொய் சொல்லும்போது எனக்குக் குரல் தானாக உயரும். “சொன்னது தப்புத்தான். போதுமா? வையிறதுன்னா இப்பவே வஞ்சுக்க. ஆனா மெட்ராச மட்டும் கெடுத்துராத.”

அவள் என்னையே பார்த்தாள். எப்சிலான் கொடுத்துவிட்டு டெல்டாவுக்காகக் காத்திருக்கிற பார்வை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் வைவாள், இல்லை அழுவாள் என்று இருந்தேன். இரண்டும் இல்லை.

“சார் ரூமுக்கு வா. நேரமாகுது” என்றாள்.

இரண்டு பேரும் வருகிறோம் என்று சார் முன்னால் சொன்னாள். சார் சிரித்த சிரிப்பில் எனக்கு உயிர் வந்தது. ஆனால் வெளியே வந்ததும் அவள் பேசாமல் நடந்துவிட்டாள். அதன் பிறகும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தாளே தவிர, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். எனக்கு மறுபடி சந்தேகம் பிடித்துக்கொண்டது. நம்பிவிட்டாளா? நம்பியிருந்தால் ஏன் வையவில்லை? ஊர் எல்லையைத் தாண்டட்டும், அங்கே வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறாளோ? ஒரு மாதம் ஒரே அறையில் இவளோடு எப்படி இருப்பது?

மே மாதம் கிளம்பினோம். இராமநாதபுரம் ஸ்டேஷனுக்கு இரண்டு வீடும் வந்திருந்தது. என் அய்யாவும் அவளுடைய அய்யாவும் ஆளுக்கொரு பெட்டியைத் தூக்கி ஏற்றினார்கள். மகேஸ்வரி சித்தி என் முகத்தைப் பார்க்கவே இல்லை. ரயில் நகரும்போது ஓடிவந்து ஜன்னலுக்குள் கையை விட்டு மகளுடைய தலையைத் தொட்டாள். தொட்டு, கையை உடனே எடுத்துக்கொண்டாள்.

பொழுது சாயும் நேரம். சேது ஒன்றும் பேசாமல் வந்தாள். நானும் வீம்புக்குப் பேசவில்லை. ரயில் பரமக்குடியில் நின்றது. சேது ஜன்னல் வழியாகப் பிளாட்பாரத்தைக் காட்டினாள்.

“இந்த ஊருதான்டி.”

“என்ன இந்த ஊரு?”

“நீ சொன்ன அந்தச் செவ்வாக்கெழம எங்கய்யா இங்கனதான் இருந்தாரு. எங்க அத்தை மகளுக்குச் சடங்கு. தாய்மாமன் சீரோட திங்கக்கெழம வந்தவரு, புதங்கெழம சாயங்காலந்தான் வீட்டுக்கு வந்தாரு. நீ எந்தக் களத்துலடி அவரப் பாத்த?”

இத்தனை நாளும் தெரிந்தேதான் இருந்திருக்கிறாள். மூன்றாவது வாய் நான் இல்லையென்றால் மிச்சம் ஒரே ஒரு ஆள்தான். அதை அவளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

“சேது, அது வந்து...”

“ஒண்ணும் சொல்லாத. அந்த ஸ்டெப்ப அப்படியே விட்ரு.” மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “பஸ்ஸுல அத்தன பேரு முன்னாடி ஒன்னயப் பேசினேன். நீ அதுக்கு மேலயும் எங்கம்மாவுக்காகப் பழிய வாங்கிக்கிட்ட. எனக்கு ஒம்மூஞ்சியில முழிக்கவே வெக்கமா இருந்துச்சுடி. அதான் பேசல.”

“லூசு” என்றேன். என் கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது, மிளகாய் மூட்டை ஒன்றும் அங்கே இல்லை.

ரயில் கிளம்பியது. சேது போனை எடுத்து வீட்டுக்குப் போட்டாள்.

“எம்மா... ஆமா, பரமக்குடி தாண்டிருச்சு. சாப்புடணும் இனித்தான். யுவராணி பக்கத்துலதான் இருக்கா. நல்லாத்தான் பேசிக்கிறோம்.” பிறகு இடது கையால் தன் உச்சந்தலையைத் தொட்டுக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்: “எம்மா, எந்தலைக்கு ஒண்ணும் ஆகல. ஒண்ணும் ஆகவும் ஆகாது. நீ தேவிபட்டினத்துக்குப் போறத பாக்கர் அண்ணே சொல்லிட்டாரு, இனிமே அங்கெல்லாம் அலையாத. கேக்குதா?”

சித்தி அழுகிற சத்தம் ரயில் சத்தத்தையும் மீறி எனக்கே கேட்டது. சேது போனை என் பக்கம் நீட்டினாள்.

“இந்தா. ஒங்கிட்டத்தான் பேசணுமாம்.”